லைனிங் வைத்த கம்பளிக் கோட்: துணியில் கத்திரி வைப்பதற்கு முன்

கேள்வி: டொராண்டோவுக்குக் குடிவந்திருக்கிறேன். லைனிங் வைத்த பிளவுஸ், சுடிதார் எல்லாம் நன்றாகவே தைப்பேன். முழங்கால் வரை வருகிற கம்பளிக் கோட் ஒன்றை லைனிங்கோடு வீட்டிலேயே தைக்க முடியுமா அக்கா? எங்கிருந்து ஆரம்பிப்பது? என்னிடம் இருப்பது சாதாரண வீட்டு மிஷின்தான்.

முடியும். லைனிங் பிளவுஸைச் சுருக்கம் விழாமல் தைக்கிற கைக்கு கோட் எட்டாத வேலை இல்லை. ஆனால் பிளவுஸில் பழகிய ஒரு பழக்கத்தை இங்கே கழற்றி வைக்க வேண்டும். பிளவுஸில் மேல்துணியையும் லைனிங்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரத்தில் பிடித்து, அப்புறம் இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்து டாட் பிடிக்கிறோம், பக்கம் அடிக்கிறோம். கோட்டில் அப்படி இல்லை. லைனிங் என்பது தனியாக ஒரு முழுக் கோட். அதற்குத் தனி முதுகு, தனி முன்பாகம், தனிக் கை. அதை முழுசாகத் தைத்து முடித்து, வெளிக் கோட்டுக்குள் நல்ல பக்கம் தெரியும்படி நுழைத்து, கழுத்து, முன் ஓரம், கை நுனி, அடி மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் இணைக்கிறோம். மற்ற இடமெல்லாம் அது சும்மா தொங்கும். அதனால் உள்ளே போகிற கோட், வெளிக் கோட்டைவிடச் சில இடங்களில் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே முடித்துவிட்டால் தைப்பது பெரிய கஷ்டமில்லை. கோட்டில் பாதி வேலை கத்திரி எடுப்பதற்கு முன்னால்தான் என்று நான் சொல்வது இதனால்தான். துணி விலை, வெட்டிய பின் திருத்த முடியாத தடிமன், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அவசரப்படுவதில் லாபமே இல்லை.

முதலில் எந்த மாதத்துக்கு இந்தக் கோட் என்று முடிவு செய்யுங்கள். டொராண்டோவில் அக்டோபர் குளிர் வேறு, ஜனவரி குளிர் வேறு. நல்ல கம்பளியும் வழவழப்பான லைனிங்கும் மட்டும் வைத்த கோட், இலையுதிர் காலத்துக்கும் மார்ச், ஏப்ரலுக்கும் தாராளமாகப் போதும். சுழியத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி போய்க் காற்றும் அடிக்கிற நாளுக்கு நடுவில் இன்னொரு அடுக்கு தேவை. அந்த அடுக்கு வைப்பதாக இருந்தால் அதை இப்போதே தீர்மானிக்க வேண்டும். அது கோட்டின் சுற்றளவைத் தின்னும். பாதி வேலையில் நினைத்துக்கொண்டு சேர்க்க முடியாது.

நடு அடுக்குக்கு பருத்தி ஃபிளானல், மெல்லிய கம்பளி, தின்சுலேட் (குளிரைத் தடுக்கும் மெல்லிய செயற்கைப் பஞ்சு) மூன்றும் சரிவரும். இதில்தான் உங்கள் பிளவுஸ் பழக்கம் கைகொடுக்கும்: நடு அடுக்கை லைனிங் துண்டின் பின்பக்கத்தில் வைத்து, ஓரத்தில் பிடித்து, இரண்டையும் ஒன்றாகத் தையுங்கள். தையலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நடு அடுக்கைத் தையல் ஓரம் வரை நறுக்கிவிடுங்கள். அடி மடிப்புக்கு மேலேயே அதை நிறுத்திவிடுங்கள். கைக்குப் போடாமல் உடம்புக்கு மட்டும் போட்டாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கையை மடக்குவதும் எளிதாக இருக்கும். லைனிங் துணியிலேயே ஃபிளானல் முதுகு வைத்த சாட்டினும் கிடைக்கிறது. ஒரே வேலையில் இரண்டு அடுக்கு முடிந்துவிடும்.

மாடல் விஷயத்தில் என் கருத்து கறாரானது. முதல் கோட்டுக்கு ஒற்றை வரிசை பட்டன், சாதாரண மடிப்புக் காலர், பின்னால் பிளவு இல்லாத அடி, பக்கத் தையலுக்குள் வைக்கிற பாக்கெட் அல்லது மேலே ஒட்டித் தைக்கிற பாக்கெட். இவ்வளவு போதும். வெட்டி உள்ளே திருப்பும் பாக்கெட்டும் இரட்டை வரிசை பட்டனும் இரண்டாவது கோட்டுக்கு இருக்கட்டும். கையை ஆர்ம்ஹோலில் பொருத்துவது பயமாக இருந்தால், கழுத்திலிருந்தே சரிந்து இறங்கும் ராக்லன் கை மாடலைத் தேடுங்கள். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்: கம்பளியில் கை பொருத்துவது, பாலியஸ்டரில் பொருத்துவதைவிடச் சுலபம். கைத் தலையில் மிச்சமாக வரும் துணியை இழுநூல் விட்டுச் சேர்த்து ஆவி காட்டினால், கம்பளி அப்படியே சுருங்கி உட்கார்ந்துகொள்ளும்.

அளவு எடுக்கும்போது, கோட்டுக்குள் என்ன போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே எடுங்கள். ஸ்வெட்டரோடு ஒரு அளவு, மெல்லிய உடையோடு ஒரு அளவு, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பேட்டர்னின் (வெட்டுவதற்கான காகித அச்சு) அட்டையில் உள்ள அளவுப் பட்டியல் உடம்பின் அளவுக்கானது. கோட்டுக்கு வேண்டிய தளர்வை அவர்களே சேர்த்திருப்பார்கள். அதனால் சைஸைத் தேர்ந்தெடுக்க உடம்பின் அளவையே பாருங்கள். அப்புறம், முடிந்த உடையின் அளவு என்று பேட்டர்னிலேயே அச்சிட்டிருப்பதை உங்கள் ஸ்வெட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். மார்பில் உடம்பைவிட 12 முதல் 15 செ.மீ. வரை கூடுதலாக இருந்தால் வழக்கமான கோட்டுக்குச் சரி. நடு அடுக்கு உண்டென்றால் இன்னும் கொஞ்சம் கூடட்டும்.

இன்னொரு விஷயமும் கவனம். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ், வோக் பேட்டர்ன்களில் பொதுவாகத் தையலுக்கு 1.5 செ.மீ. சேர்த்தே வரைந்திருப்பார்கள். பர்தா (Burda) என்ற தையல் இதழின் பேட்டர்ன்களில் பொதுவாகச் சேர்த்திருக்க மாட்டார்கள், நாம்தான் விட வேண்டும். துணிமேலேயே சாக்பீஸால் வரைந்து, கண் மதிப்பில் தையலுக்கு விட்டு வெட்டிப் பழகிய நமக்கு இது சுலபமாகத் தவறிப்போகும் இடம். பேட்டர்னைப் பிரித்ததும் முதலில் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது மாதிரிக் கோட். காடா துணி கிடைத்தால் அது, இல்லாவிட்டால் தடிமனான பழைய பெட்ஷீட். காலரும் பாக்கெட்டும் லைனிங்கும் வேண்டாம். முதுகு, முன்பாகம், கை மட்டும் பெரிய தையலாக அடித்து, ஸ்வெட்டர் மேல் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் நேராக நிற்பது பத்தாது. இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் ஒரு கையைத் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள். கையை நீட்டும்போது முதுகு இழுத்தால் முதுகு அகலத்தைக் கூட்ட வேண்டும். கையைத் தூக்கும்போது கோட் முழுக்க மேலே ஏறினால் ஆர்ம்ஹோல் ஆழமாக இருக்கிறது, அதை உயர்த்த வேண்டும். அதை இன்னும் வெட்டி ஆழமாக்கினால் நிலைமை மோசமாகும். இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றுவதால் பலர் அதைத்தான் செய்கிறார்கள். திருத்தங்களை மாதிரியின்மேலேயே குறித்து, காகிதப் பேட்டர்னுக்கு மாற்றுங்கள். பாக்கெட் எந்த உயரத்தில் இருந்தால் கை இயல்பாக நுழைகிறது, முதல் பட்டன் எங்கே வர வேண்டும் என்பதையும் அன்றைக்கே பேனாவால் குறித்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் துணிக் கடை. உங்கள் ஊரில் குயின் ஸ்ட்ரீட் வெஸ்ட் பக்கம் துணிக் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே கோட்டுத் துணி என்றே தனியாகக் கேளுங்கள். சூட் துணி கோட்டுக்கு மெலிசு. சதுர மீட்டருக்கு 400 முதல் 500 கிராம் எடை உள்ள மெல்ட்டன் (இறுக்கமான, தடித்த கம்பளித் துணி), ட்வீட் வகைகள் வீட்டு மிஷினுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேலே போனால் காலர் ஓரத்தில் மிஷின் திணறும். முழுக் கம்பளியாக இருந்தால் நல்லது. கொஞ்சம் நைலான் கலந்திருந்தாலும் பரவாயில்லை. பாதிக்குமேல் பாலியஸ்டர் என்றால் ஆவிக்கு வளைந்து கொடுக்காது. அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முழு நீளமும் வாங்குவதற்கு முன் கால் மீட்டர் மட்டும் வாங்கிவந்து வீட்டில் சோதித்துப் பாருங்கள். நான்காக மடித்து மிஷினில் அடியுங்கள். 16-ஆம் நம்பர் ஊசி, 3 மி.மீ. தையல். பிரஷர் ஃபுட் கீழே நுழைகிறதா, மேல் அடுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகிறதா, தையல் விட்டுவிட்டு விழுகிறதா என்று பாருங்கள். பழைய கறுப்பு உஷா, சிங்கர் மிஷின் வீட்டில் இருந்தால் அது இந்த வேலைக்குப் புது மிஷினைவிட நன்றாக உழைக்கும். மீதித் துண்டில் சரியாக 10 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, நன்றாக ஆவி காட்டி, ஆறவிட்டு, திரும்ப அளந்து பாருங்கள். 9.6 ஆகியிருந்தால், ஒரு மீட்டர் நீளக் கோட்டில் 4 செ.மீ. போய்விடும் என்று அர்த்தம்.

கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்ளும், துணி சுருங்கும். அதனால் துணியை வெட்டுவதற்கு முன்பே அந்தச் சுருக்கத்தை எடுத்துவிட வேண்டும். முழுத் துணியையும் டிரை கிளீனரிடம் கொடுத்து ஆவி காட்டித் தரச் சொல்லலாம். வீட்டிலேயே என்றால், அங்குலம் அங்குலமாக ஆவி இஸ்திரி காட்டி, நகர்த்தாமல் முழுக்க ஆறவிடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டுகளோடு டிரையரில் சுற்றவிடும் வழியும் உண்டு. மேல்பரப்பு மாறிவிடக்கூடும் என்பதால் துண்டுத் துணியில் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். லைனிங்குக்கும் ஆவி காட்டுங்கள். காலர், முன்பாகம் விறைப்பாக நிற்க உள்ளே நெய்த கேன்வாஸ் வைப்பதாக இருந்தால் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள்.

எவ்வளவு துணி? 60 இன்ச் பன்னாவில், முழங்கால் நீளத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். மெல்ட்டன் போன்ற துணியில் மேல்ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையால் மேலிருந்து கீழே தடவினால் வழுக்கும், கீழிருந்து மேலே தடவினால் சொரசொரக்கும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். தலைகீழாக மாற்றி இடத்தை மிச்சம் பிடித்தால், வெயிலில் ஒரு துண்டு மட்டும் வேறு நிறமாகத் தெரியும். அதற்காகத்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

லைனிங் துணிக்கு நான் முதலில் சொல்வது குப்ரோ. பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்து செய்வது. ஜப்பானில் அசாஹி காசெய் நிறுவனம் 1931 முதல் பெம்பர்க் என்ற பெயரில் செய்து வருகிறது. வழுக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சும். பாலியஸ்டர் மலிவு, உழைக்கவும் செய்யும். ஆனால் வறண்ட குளிர்காலத்தில், சூடேற்றிய அறைக்குள் கோட்டைக் கழற்றும்போது சுருக்கென்று மின்சாரம் தட்டும், பாவாடை காலோடு ஒட்டும். விஸ்கோஸ் இரண்டுக்கும் நடுவில். ஊரிலிருந்து பழைய பட்டுப் புடவையைக் கொண்டுவந்து லைனிங் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆசை புரிகிறது. உடம்புப் பகுதிக்குப் போடுங்கள், அழகாக இருக்கும். மடித்துவைத்தே நைந்துபோன புடவை வேண்டாம், மடிப்பு வரியிலேயே கிழியும். கைக்கு மட்டும் புதுச் சாட்டின் போடுங்கள். அதிகமாக உரசுவது கைப்பகுதிதான். ஸ்வெட்டர் கை அதில் மாட்டாமல் நுழையவும் வேண்டும். லைனிங் 60 இன்ச் பன்னாவில் இரண்டரை மீட்டர், 44 இன்ச் என்றால் மூன்றரை மீட்டர் அளவில் வரும்.

இப்போது லைனிங் பேட்டர்ன். பல பேட்டர்ன்களில் லைனிங் துண்டுகள் தனியாக இருக்கும். இல்லாவிட்டால் வெளிக் கோட்டிலிருந்து நாமே எடுக்கலாம். நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

முதுகிலிருந்து தொடங்குங்கள். லைனிங் முதுகை மடிப்பில் வைத்து வெட்டும்போது நடுவில் 2.5 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். விரித்தால் மொத்தம் 5 செ.மீ. கூடுதல். அதை ஒரு பிளீட்டாக மடித்து, கழுத்திலும் இடுப்பிலும் மட்டும் கொஞ்ச நீளம் அடித்துவிடுவோம். கையை முன்னால் நீட்டும்போது கம்பளி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், லைனிங் கொடுக்காது. இந்த பிளீட் இல்லாத கோட்டில் முதலில் கிழிகிற இடம் முதுகும் ஆர்ம்ஹோலும்தான்.

முன்பாகத்தில் உள்பட்டி (முன் ஓரத்தில் உள்பக்கம் கோட்டுத் துணியிலேயே வைக்கும் பட்டி) எவ்வளவு தூரம் வருகிறதோ அதுவரை லைனிங் வேண்டாம். ஆனால் உள்பட்டியின் ஓரத்திலேயே லைனிங் தொடங்குவதாக வரைந்துவிடக் கூடாது. இரண்டும் இணைய, உள்பட்டிக்கு 1.5, லைனிங்குக்கு 1.5 என்று தையலுக்கு வேண்டும். ஆகவே இரண்டு காகிதமும் 3 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 3 செ.மீ. குறைந்து, பட்டன் போட்டதும் முன்பக்கம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அக்குள்தான் பெரும்பாலோர் கவனிக்காத இடம். வெளிக் கோட்டில் கையைப் பொருத்திய பிறகு, அக்குளில் அந்தத் தையல் விளிம்பு மேல்நோக்கி ஒரு சின்னச் சுவர்போல நிற்கும். லைனிங் அதன்மேல் ஏறி இறங்க வேண்டும். வெளிக் கோட்டின் அளவிலேயே லைனிங்கை வெட்டினால், ஏறி இறங்கத் துணி போதாமல், அக்குளில் சுருண்டு இழுக்கும். எனவே லைனிங்கில் உடம்புப் பகுதியின் அக்குளையும், கைத் துண்டின் அக்குளையும் 1 முதல் 1.5 செ.மீ. உயர்த்தி வரையுங்கள். ஷோல்டர் பக்கம் போகப்போக முதலில் இருந்த வளைவோடு சேர்த்துவிடலாம். வரைந்த பிறகு இரண்டு வளைவையும் டேப்பைச் செங்குத்தாக நிறுத்தி அளந்து, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று சரிபாருங்கள்.

அடி நீளத்துக்கு ஒரு கணக்கு. கோட்டின் அடி மடிப்புக்கு 4 செ.மீ. விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லைனிங்கை, கோட்டின் முடிந்த நீளத்தைவிட 1 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். லைனிங்கின் வெட்டு ஓரத்தையும் மடிப்பின் வெட்டு ஓரத்தையும் 1.5 செ.மீ. தையலில் இணைத்தால், தையல் அடியிலிருந்து 2.5 செ.மீ. மேலே நிற்கும். லைனிங்கில் 2 செ.மீ. மிச்சம் இருக்கும். அது தானாக 1 செ.மீ. மடிப்பாக விழுந்து, கோட்டின் அடியிலிருந்து 1.5 செ.மீ. மேலே நிற்கும். வெளியே எட்டிப் பார்க்காது, உள்ளேயும் இழுக்காது. கை நுனிக்கும் இதே கணக்குதான்.

உள்பாக்கெட் வேண்டுமானால் லைனிங் தட்டையாக இருக்கும்போதே தைக்க வேண்டும். ஃபோன் வைக்க ஒன்று அவசியம் வையுங்கள். ஒரு கை லைனிங்கின் உள்தையலில் 20 செ.மீ. தைக்காமல் விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் மிஷினிலேயே இணைத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக முழுக் கோட்டையும் இழுத்துத் திருப்பலாம்.

கேன்வாஸ் பற்றிச் சுருக்கமாக. ஆடம்பரத் தையலில் ரோமக் கேன்வாஸைக் கையால் பிடிப்பார்கள். முதல் கோட்டுக்கு நெய்த வகை ஒட்டுக் கேன்வாஸ் போதும். முன்பாகம், உள்பட்டி, காலர், அடி மடிப்பு, பாக்கெட் வாய் இவற்றுக்கு ஒட்டுங்கள். இரண்டு மூன்று வகையில் கையகலம் வாங்கி, உங்கள் துணியிலேயே ஒட்டி, ஆறிய பிறகு மடக்கிப் பாருங்கள். அட்டைபோல மடிந்தால் வேண்டாம். மெத்தென்று வளைய வேண்டும். ஒட்டும்போது பெட்டியை இழுக்காமல், வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள்.

காலருக்கு மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டு துண்டுத் துணியை ஒரே அளவில் அடுக்கி, ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து, விரலின்மேல் மடித்துப் பாருங்கள். மேல் துண்டின் ஓரம் கீழ்த் துண்டைவிடக் குறைந்து பின்வாங்கி நிற்கும். அந்தக் குறைவுதான் உங்கள் துணியின் தடிமன் தின்னும் அளவு. கோட்டுத் துணியில் 3 முதல் 6 மி.மீ. வரை வரும். மேல் காலரை அந்த அளவு பெரிதாக வெட்டினால்தான் காலர் நுனி மேல்நோக்கிச் சுருளாது.

வெட்டும்போது கோட்டுத் துணியை இரட்டையாக மடிக்க வேண்டாம். ஒற்றையாக விரித்து, ஒரு துண்டு வெட்டியதும் காகிதத்தைத் திருப்பிப்போட்டு அடுத்த பக்கத்தை வெட்டுங்கள். இரண்டு இடது கை வெட்டிவிடாமல் இருக்க, காகிதத்திலேயே இடது, வலது என்று எழுதிய தனித்தனித் துண்டுகள் வைத்துக்கொள்வது நல்லது. சாக்பீஸ் கம்பளியில் நிற்காது. டாட் முனை, பாக்கெட் இடம், கைத் தலையின் நடு ஆகியவற்றை வேறு நிற நூலால் தளர்வாகக் கோத்துக் குறியுங்கள். லைனிங் துணி மேஜையில் வழுக்கி ஓடும். கீழே பழைய பருத்தி வேட்டியோ பெட்ஷீட்டோ விரித்து வெட்டினால் அசையாது. அதற்கு ஊசி 11, தையல் 2 முதல் 2.5 மி.மீ.

தையலைவிடக் கோட்டை அழகாகக் காட்டுவது இஸ்திரிதான். ஒவ்வொரு தையலையும் அடுத்ததன்மேல் போவதற்கு முன் தேய்த்தாக வேண்டும். மேலே ஈரப் பருத்தித் துணி போட்டு ஆவி காட்டுங்கள். பெட்டியை எடுத்த உடனே, வார்னிஷ் போடாத வழவழப்பான மரக்கட்டை ஒன்றை அந்தத் தையல்மேல் வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். மரம் ஆவியை வாங்கிக்கொள்ளும், தையல் தட்டையாக உட்காரும். வளைவான இடங்களுக்கு ஒரு துண்டை இறுகச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் வைத்துத் தேயுங்கள். முன் ஓரத்திலும் காலரிலும் நான்கு அடுக்கு விளிம்பு சேரும் இடங்களில், ஒவ்வொரு விளிம்பையும் வெவ்வேறு அகலத்தில் நறுக்கிவிட்டால் வெளியே தடம் தெரியாது.

பட்டனைக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம், துணி வாங்கும்போதே வாங்குங்கள். 25 முதல் 30 மி.மீ. அளவு கோட்டுக்குப் பொருந்தும். காஜாவின் நீளம், பட்டனின் விட்டமும் தடிமனும் சேர்ந்தது. பெண்கள் கோட்டில் வழக்கமாக வலப்பக்கம் மேலே வரும், காஜா அந்தப் பக்கம். உள்பட்டியும் கேன்வாஸும் சேர்ந்த அதே அடுக்கில் ஒரு துண்டு தயார் செய்து, உங்கள் மிஷின் காஜாவை முதலில் அதில் போட்டுப் பாருங்கள். மிஷின் தடுமாறினால் பெரிய டிச் பட்டன் உள்ளே வைத்து, அலங்காரப் பட்டனை மேலே தைத்துவிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. பட்டனை இழுத்துப் பிடித்துத் தைக்காமல், துணியின் தடிமன் அளவுக்கு நூல் காம்பு விட்டு, பின்பக்கம் ஒரு சின்னப் பட்டனைச் சேர்த்துத் தையுங்கள்.

அக்டோபரில் போட வேண்டும் என்றால் ஆகஸ்டில் காடாவை வெட்டுங்கள். மாதிரி சரியாக வந்த பிறகு, மார்பு, முதுகு அகலம், கை நீளம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள். லைனிங் பேட்டர்ன் வரையும்போது எங்கே எவ்வளவு கூட்ட வேண்டும் என்று உங்கள் அளவுக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.